அடிக்கு ஒரு நூல்: லேசர் லெவல் வைத்து வாட்டம் பிடிப்பது

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் நகரத்தில் பெய்த மழை 46 சென்டிமீட்டருக்கும் மேல். அதுவரை சாதனையாகச் சொல்லப்பட்டுவந்த 2004 அக்டோபர் மழை 21 செ.மீ.தான். கிருஷ்ணா நகரில் வீடுகளுக்குள் சிக்கியவர்களை ராணுவம் வந்து மீட்டது. ரெயின்போ நகரும் பாவாணர் நகரும் இந்திரா காந்தி சதுக்கமும் குளமாகக் கிடந்தன. 1,200 சதுர அடி மனை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட, அன்று அதன் மேல் விழுந்த தண்ணீர் ஏறத்தாழ 51,000 லிட்டர். நாலைந்து டேங்கர் லாரிக்குச் சமம்.

அந்த அளவு மழையை எந்த வீட்டு வடிகாலும் தாங்காது. இந்த அத்தியாயம் பேசுவது வேறொரு மழையை: ஐப்பசியில் ஒரு மணி நேரம் பெய்து ஓய்ந்த பிறகும் கொல்லைப்புறத்தில் இரண்டு நாள் தேங்கி நிற்குமே, அந்த மழை. ஊர் தாழ்வு, கடல் பக்கம் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். பாதி வீடுகளில் உண்மைக் காரணம் அதுவல்ல. தெருவில் ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தார் போடுவதால் சாலை ஏறிக்கொண்டே வந்திருக்கும். வீட்டு முற்றம் இருந்த இடத்திலேயே இருக்கும். இருபது ஆண்டுக்கு முன் தெருப் பக்கம் ஓடிய தண்ணீர் இன்று வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கும். வாட்டம் தலைகீழாகிவிட்டது.

வாட்டம் என்பது கொத்தனார்கள் வாயில் அன்றாடம் புழங்கும் சொல். மட்டம் என்றால் ஏற்ற இறக்கமில்லாதது. வாட்டம் என்றால் தண்ணீர் ஓடும்படி வேண்டுமென்றே கொடுத்த சரிவு. “வாட்டம் எவ்வளவு கொடுத்திருக்கீங்க மேஸ்திரி?” என்று கேட்டால், “அடிக்கு ஒரு நூல் விட்டிருக்கேன் சார்” என்பார். நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, சுமார் 3 மி.மீ. ஓர் அடிக்கு 96 நூல். ஆக, அடிக்கு ஒரு நூல் என்றால் 96-க்கு 1. கிட்டத்தட்ட ஒரு சதவீதம். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று லேசர்காரர் சொல்வதும் இதைத்தான். இரண்டு மொழி, ஒரே சரிவு.

இந்த ஒரு சதவீதத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எவ்வளவு அனுபவம் இருந்தாலும் முடியாது. பக்கத்து மதிலின் கோடு சாய்ந்திருந்தாலே கண் ஏமாந்துவிடும். லேசர் லெவலும் ரிசீவரும் அதற்காகத்தான்.

கருவி என்ன செய்கிறது?

சுழலும் லேசர் ஒரு முக்காலியின் மேல் உட்கார்ந்து, ஒளிக்கற்றையை நிமிடத்துக்குப் பல நூறு முறை சுழற்றுகிறது. அப்படிச் சுழலும்போது தரைக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத தட்டையான கூரை ஒன்று விரிகிறது. அந்தக் கூரையிலிருந்து கீழே மண் எவ்வளவு தூரம் என்று அளப்பதுதான் மொத்த வேலையும். வெயிலில் ஒளி தெரியாது. ஆகவே அளவுகோலில் கவ்விக்கொள்ளும் ரிசீவர் அதைப் பிடித்து ஒலி எழுப்புகிறது. பெரும்பாலான ரிசீவர்களில், ஒளிக்கு மேலே இருந்தால் வேகமான பீப், கீழே இருந்தால் மெதுவான பீப், சரியாக நின்றால் நிற்காத நீளமான ஒலி. வாடகைக்கு எடுத்த கருவியில் இது மாறியிருக்கலாம். கையால் மேலும் கீழும் நகர்த்தி, எந்த ஒலி எதற்கு என்று முதலில் காதுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றே ஒன்று. அளவுகோலில் எண் கூடினால் இடம் பள்ளம். எண் குறைந்தால் இடம் மேடு. முதல் நாள் எல்லோரும் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்வார்கள். குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.

டைல்ஸ் ஒட்டுபவர்கள் வைத்திருக்கும் குறுக்குக்கோட்டு லேசர் வெளிவேலைக்கு ஒத்துவராது. அதற்கென்றே துடிப்பு ஒளி முறையும் பொருத்தமான ரிசீவரும் இருந்தால்தான் வெயிலில் உதவும். சுழலும் லேசரின் ரிசீவர் கோட்டு லேசரைப் பிடிக்காது. அதன் ரிசீவர் இதைப் பிடிக்காது. வாடகைக் கடையிலேயே இரண்டையும் போட்டு, ஒலி வருகிறதா என்று பார்த்து எடுத்து வாருங்கள்.

வேண்டிய மற்ற பொருள்கள்: முக்காலி, மில்லிமீட்டர் கோடு போட்ட அளவுகோல், அதை நிமிர்த்திப் பிடிக்கச் சிறு குமிழ் மட்டம், முளைக்குச்சிகள், சுத்தியல், நூல்கயிறு, 30 மீட்டர் டேப், மாற்று பேட்டரி. ஒரு டியூப் லெவலும் இருக்கட்டும். தண்ணீர் நிரப்பிய அந்தப் பிளாஸ்டிக் குழாய் கொத்தனார்களின் பழைய கருவி. பேட்டரி கேட்காது, அளவு பிசகாது. காற்றுக்குமிழி மட்டும் உள்ளே இருக்கக் கூடாது. லேசர் மேல் சந்தேகம் வந்தால் தீர்த்துவைப்பது அதுதான்.

முதலில் லேசரைச் சோதியுங்கள்

பலரும் தவறவிடும் கட்டம் இது. வாடகை லேசர் யார் கையிலிருந்து விழுந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. பத்து நிமிடச் சோதனையில் அது நம்பத்தக்கதா என்பது தெரிந்துவிடும்.

1. ஒரு சுவரிலிருந்து 15 மீட்டர் தள்ளி முக்காலியை நிறுத்தி, லேசரை இயக்குங்கள். அது தானே மட்டமாகும்வரை பொறுங்கள்.
2. ரிசீவரால் சுவரில் ஒளியின் உயரத்தைக் கண்டுபிடித்து, பென்சிலால் மெல்லிய கோடு போடுங்கள்.
3. முக்காலியை அசைக்காமல், லேசரை மட்டும் அரைச்சுற்று திருப்பி மீண்டும் மட்டமாக விடுங்கள். அதே இடத்தில் இன்னொரு கோடு.
4. கால்சுற்று திருப்பி மூன்றாவது கோடு, அதற்கு எதிர்ப்பக்கம் திருப்பி நான்காவது கோடு.
5. நான்கு கோடுகளும் 3 மி.மீ.க்குள் அடங்கினால் மண்வேலைக்குப் போதும். அதைத் தாண்டினால் கருவியைத் திருப்பிக் கொடுங்கள். கோடுகளின் நடுவைக் கணக்கிட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

தண்ணீர் எங்கே போய்ச் சேரும்?

புதுச்சேரியின் நில அமைப்பைக் கையில் வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் புரியும். வடமேற்கில் கோரிமேடும் லாஸ்பேட்டையும் செம்மண் மேடுகள். அங்கிருந்து நகரம் கிழக்கே கடலை நோக்கி இறங்குகிறது. மேட்டுத் தண்ணீர் முழுவதும் நடுவிலுள்ள தாழ்ந்த நகர்களைக் கடந்துதான் உப்பாறு வாய்க்காலுக்கும் பெரிய வாய்க்காலுக்கும் போக வேண்டும். பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் ஆயி மண்டபத்தை எல்லோருக்கும் தெரியும். அரசின் சின்னத்திலும் அதுதான் இருக்கிறது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் லமைரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் மேற்கே முத்திரப்பாளையத்து ஊற்று நீரை நகரத்துக்குள் கொண்டுவந்ததன் நினைவு அது. அவர் தொடங்கியது நீர் எடுக்கும் இடத்திலிருந்து. வடிகால் வெட்டுபவர் தொடங்க வேண்டியது நீர் விழும் இடத்திலிருந்து.

அதாவது, முதல் அளவை எடுக்க வேண்டியது கொல்லையில் அல்ல, தெரு வாய்க்காலில். அங்கே இறங்கி வாய்க்காலின் அடிமட்டம் என்ன, சாதாரண மழையில் தண்ணீர் எந்த உயரம்வரை ஓடுகிறது என்று பாருங்கள். பக்கச்சுவரில் பாசி படிந்த கோடு அதைச் சொல்லிவிடும். வீட்டுக் குழாயின் வாய் அந்தக் கோட்டுக்கு மேலே திறந்தால்தான் தண்ணீர் வெளியே போகும். கீழே திறந்தால் தெருத் தண்ணீர் உள்ளே வரும்.

வாய்க்காலே போதிய ஆழமில்லாமல் இருந்தால்? லேசர் எந்த மாயமும் செய்யாது. மனைக்குள் ஒரு தொட்டி கட்டி, மோட்டார் வைத்து இறைப்பதுதான் வழி. கடற்கரைப் பக்கத்து மணலில் உறிஞ்சுகுழி நன்றாக வேலை செய்யும் என்று நம்புகிறார்கள். கோடையில் செய்யும். கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறி வந்து குழியை அதுவே நிரப்பிவிடும். ஜல்லி நிரப்பிய பள்ளத்துக்குள் துளைக் குழாய் போடும் ‘பிரெஞ்சு வடிகால்’ முறையைப் பிரெஞ்சு ஊருக்கே உரியது என்று நினைப்பவர்கள் இங்கே உண்டு. அந்தப் பெயர் பிரான்ஸிலிருந்து வந்ததல்ல. 1859-இல் பண்ணை வடிகால் பற்றி நூல் எழுதிய ஹென்றி ஃபிளாக் ஃபிரெஞ்ச் என்ற அமெரிக்கருடையது. அந்த வடிகாலுக்கும் நீர் விழும் இடம் ஒன்று வேண்டும்.

ஒரு மனை, 18 மீட்டர், ஏழு முளை

இனி ஒரு கணக்கைப் படிப்படியாகப் போட்டுப் பார்க்கலாம். கொல்லையிலிருந்து பக்கவாட்டு நடைபாதை வழியாகத் தெரு வாய்க்கால்வரை 18 மீட்டர். வெளிவிட்டம் 160 மி.மீ. உள்ள, ஆறங்குலம் என்று கடையில் கேட்கும் பிவிசி குழாய். மழைநீருக்கு நூற்றுக்கு ஒன்று வாட்டம். (கழிவுநீருக்கு நாலங்குலக் குழாய் என்றால் அறுபதுக்கு ஒன்று என்ற அளவில் கூடுதலாக வேண்டும், சிறிய குழாய்க்குச் சரிவு அதிகம்.)

1. எல்லா இடமும் தெரிகிற ஓரிடத்தில் முக்காலியை ஊன்றுங்கள். மணல் தரை என்றால் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு செங்கல்லைப் பதித்து அதன் மேல் வையுங்கள். பிற்பகலில் கடற்காற்று வலுக்கும் ஊர் இது. காலையிலேயே அளவெடுப்பது நல்லது.

2. ஒளி தரையிலிருந்து மார்பு உயரத்தில் போகட்டும், கண் உயரத்தில் வேண்டாம்.

3. வேலை முடியும்வரை அசையாத ஓரிடத்தில் அடையாளக் குறி வையுங்கள். வாசற்படியின் மூலை, கிணற்றுச் சுவர், தூணின் அடி எதுவும் ஆகலாம். அதன் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். நாள் முழுதும் திரும்பத் திரும்ப அளக்கப்போவது இதைத்தான்.

4. அளவுகோலைத் தெரு வாய்க்காலின் அடியில் நிறுத்தி, நீளமான ஒலி வரும்வரை ரிசீவரை நகர்த்துங்கள். அளவு 2.050 மீ. என்று வருகிறது எனக் கொள்வோம்.

5. பாசிக்கோடு அடியிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. குழாயின் உள்ளடியை 20 செ.மீ. உயரத்தில் வைக்கலாம். 2.050-இல் 0.200 போனால் 1.850.

6. குழாய்க்கு அடியில் 10 செ.மீ. மணல் படுக்கை வேண்டும். எனவே தெருமுனையில் பள்ளத்தின் அடி 1.850-உடன் 0.100 சேர்த்து 1.950. குழாய்ச் சுவரின் சில மி.மீ. தடிமனைப் பற்றிக் கவலை வேண்டாம்.

7. 18 மீட்டருக்கு 18 செ.மீ. ஏற வேண்டும். கொல்லை முனையில் பள்ளத்தின் அடி 1.770.

8. இப்போது தரையை அளங்கள். வாயிற்கதவு அருகே 1.250. கொல்லையில் 1.320. நின்று கவனிக்க வேண்டிய இடம் இது: எண் கூடினால் பள்ளம். கொல்லை வாசலைவிட 7 செ.மீ. தாழ்ந்திருக்கிறது! தேங்கும் தண்ணீரின் முழுக் கதையும் இந்த இரண்டு எண்ணில் இருக்கிறது.

9. ஆழத்தைக் கணக்கிடுங்கள். தெருமுனையில் 1.950 கழித்தல் 1.250, அதாவது 70 செ.மீ. கொல்லையில் 1.770 கழித்தல் 1.320, அதாவது 45 செ.மீ. கொல்லைப் பக்கம் குழாய்க்கு மேல் 19 செ.மீ. மண்தான் மிஞ்சும். அதன்மேல் வண்டி ஏறும் என்றால் கான்கிரீட் சூழ்ந்து போட வேண்டும். ஆள் மட்டும் நடந்தால் அந்த மண்ணே போதும்.

10. தெருமுனையிலிருந்து மூன்று மீட்டருக்கு ஒரு முளை அடியுங்கள். பள்ளத்துக்குள் விழாமல், ஓரத்தில் அரை மீட்டர் தள்ளி. ஒவ்வொன்றிலும் அந்த இடத்துப் பள்ளத்தின் அளவை எழுதுங்கள்: 1.950, 1.920, 1.890, 1.860, 1.830, 1.800, 1.770.

வெட்டும்போது செய்ய வேண்டியது எளிது. ஒவ்வொரு முளைக்கும் வரும்போது ரிசீவரை அளவுகோலில் மூன்று சென்டிமீட்டர் கீழே இறக்கிக் கவ்வுங்கள். பள்ளத்தில் நிறுத்துங்கள். மெதுவான பீப் வந்தால் ரிசீவர் ஒளிக்குக் கீழே இருக்கிறது, அதாவது அளவுக்கு மீறி ஆழமாகிவிட்டது. வேகமான பீப் வந்தால் இன்னும் வெட்ட வேண்டும். நீள ஒலி வந்தால் நிறுத்துங்கள்.

இந்த லேசர் காட்டுவது எப்போதும் மட்டம். சரிவைத் தருவது முளையில் எழுதிய எண்தான். ஆகவே எண்களை வீட்டில் உட்கார்ந்து, அவசரமில்லாமல், இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள்.

ஜேசிபி வரும் நாள்

மணிக்கணக்கில் வாடகை ஓடும். அதனால் ஜேசிபி வந்ததும் எல்லோருக்கும் பதற்றம் தொற்றிக்கொள்ளும். முளை, எண், அடையாளக் குறி மூன்றும் முந்திய நாளே தயாராக இருக்க வேண்டும்.

ஓட்டுநரிடம் முடிவான ஆழத்தைச் சொல்லாதீர்கள். 5 செ.மீ. குறைத்துச் சொல்லுங்கள். கடைசி 5 செ.மீ.யை மண்வெட்டியால் எடுப்பதுதான் நல்ல வேலை. இயந்திரப் பல் கிளறிய அடிமண் பொதபொதத்துப்போகும். அதன் மேல் வைத்த குழாய் முதல் மழையில் அங்கங்கே உட்கார்ந்து, வாட்டம் அலைஅலையாகிவிடும். தெரியாமல் ஆழமாக வெட்டிவிட்டால், எடுத்த மண்ணையே திரும்பக் கொட்டி மிதித்துச் சமாளிக்க வேண்டாம். மணலையோ மெலிந்த கான்கிரீட்டையோ போட்டு, திமிசுக் கட்டையால் இறுக்கி, மறுபடி அளங்கள்.

அளவுகோல் பிடிப்பவர் பக்கெட் அசையும்போது பள்ளத்துக்குள் இருக்கக் கூடாது. இயந்திரம் நிற்க வேண்டும், பக்கெட் தரையில் இறங்க வேண்டும், ஓட்டுநர் கை தூக்கிக் காட்ட வேண்டும். பிறகுதான் ஆள் இறங்கலாம். ஒவ்வொரு மூன்று மீட்டருக்கும் இது நேரம் எடுக்கும். எடுக்கட்டும்.

அரை மணி நேரத்துக்கு ஒரு முறை அடையாளக் குறியை மறுபடி அளங்கள். முதலில் எடுத்த அளவே வர வேண்டும். ஜேசிபியின் அதிர்விலோ யாரோ காலைத் தட்டியதாலோ முக்காலி 2 செ.மீ. இறங்கினாலும் லேசர் தன்னைத்தானே திரும்ப மட்டமாக்கிக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோலச் சுழலும். உயரம் மாறியது அதற்குத் தெரியாது. சில கருவிகளில் அசைவு எச்சரிக்கை உண்டு. இருந்தால் அதை அணைத்து வைக்காதீர்கள்.

உயிர் சம்பந்தப்பட்டவை

2024 மார்ச் 31 அன்று மரப்பாலம் பக்கம் வசந்த் நகரில் வாய்க்கால் வேலைக்காகத் தோண்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்திலிருந்த மதில் சாய்ந்து ஐந்து தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். அதே ஆண்டு ஜனவரி 22 அன்று ஆட்டுப்பட்டியில் வாய்க்கால் ஓரத்துப் பணியின்போது, புதிதாகக் கட்டி இன்னும் குடிபுகாத வீடு ஒன்று அப்படியே சரிந்தது. இரண்டும் இந்த ஊரில், இந்த அத்தியாயம் சொல்லும் வகை வேலையில் நடந்தவை. வாட்டம் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் திருத்திக்கொள்ளலாம். இதைத் திருத்த முடியாது.

மதில் ஓரத்துப் பள்ளம்: மதிலின் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று ஒரு சிறு குழி வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அஸ்திவாரத்தின் அடியிலிருந்து வெளிப்பக்கம் 45 பாகையில் கீழே சரியும் கோடு ஒன்றை மனதில் வரையுங்கள். பள்ளத்தின் அடி அந்தக் கோட்டுக்குக் கீழே போகக் கூடாது. போக வேண்டியிருந்தால் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும். சுவருக்கு முட்டுக் கொடுத்து, இரண்டு மூன்று மீட்டராகத் துண்டு துண்டாக வெட்டி, குழாய் போட்டு, மூடிவிட்டு அடுத்த துண்டுக்குப் போக வேண்டும். பழைய பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியிலும் தமிழர் பகுதியிலும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய மதில்கள் பல, அதிக ஆழமில்லாத அடித்தளத்தில் நிற்பவை. நனைந்த மண்ணில் அவற்றின் ஓரம் மண்வெட்டி வைப்பதே ஆபத்து. மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். சித்திரை, வைகாசி சரியான காலம்.

ஆழம்: ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பலகை முட்டுக் கொடுக்க வேண்டும் அல்லது பக்கங்களைச் சரித்து வெட்ட வேண்டும் என்பது தோண்டும் வேலைக்கான இந்தியத் தர விதி 3764 சொல்வது. எடுத்த மண்ணை விளிம்பிலேயே குவிக்காமல் ஒன்றரை மீட்டர் தள்ளிக் கொட்ட வேண்டும் என்பதும் அதில் உண்டு. கடற்கரை மணலில் முக்கால் மீட்டர் ஆழத்திலேயே பக்கம் சரியும். அங்கே விதிக்குக் காத்திருக்காதீர்கள்.

பூமிக்கு அடியில்: மின்கேபிள், குடிநீர்க் குழாய், தொலைபேசிக் கம்பி, பாதாளச் சாக்கடை இணைப்பு எல்லாம் நகரத் தெருக்களில் மண்ணுக்குள் ஓடுகின்றன. மின்துறையிலும் பொதுப்பணித் துறையிலும் கேட்டு அறிந்த பிறகே வெளி நடைபாதையில் கை வைக்க வேண்டும். தெரு வாய்க்காலில் குழாயை இணைக்க அனுமதியும் தேவை. செங்கல் வரிசையோ எச்சரிக்கை நாடாவோ தட்டுப்பட்டால் இயந்திரத்தை நிறுத்திவிடுங்கள்.

பழைய சேம்பர்: மூடியைத் திறந்து உள்ளே தலையை நீட்டவோ ஆளை இறக்கவோ கூடாது. 2024 ஜூன் 11 அன்று ரெட்டியார்பாளையம் புதுநகரில் கழிவுநீர்க் குழாய் வழியாக வீட்டுக் கழிப்பறைக்குள் வந்த விஷவாயு மூன்று உயிர்களை எடுத்தது. மழைநீர்க் குழாயைக் கழிவுநீர் சேம்பரில் சேர்ப்பது சிக்கனமாகத் தோன்றும். ஒருபோதும் செய்யாதீர்கள்.

லேசர்: கட்டட வேலைக் கருவிகள் பெரும்பாலும் இரண்டாம் வகுப்பு அல்லது 3ஆர் வகுப்பைச் சேர்ந்தவை; ஒட்டிய சீட்டில் எழுதியிருக்கும். ஒளியை நேராகப் பார்க்கக் கூடாது, கண்ணாடியிலோ வண்டி முகப்பிலோ பட்டுத் தெறிப்பதையும் பார்க்கக் கூடாது. நமக்கு மார்பு உயரம் என்றால் குழந்தைக்கு அது கண் உயரம். பிள்ளைகளை அன்று முற்றத்துப் பக்கம் விடாதீர்கள்.

எங்கே பிசகுகிறது?

வெட்டி முடித்த பிறகு தண்ணீர் நின்றால் பத்தில் எட்டு முறை கருவி மேல் குற்றமில்லை. அளவுகோலைச் சாய்த்துப் பிடித்திருப்பார்கள். இரண்டு மீட்டர் உயரத்தில் ரிசீவர் இருக்கும்போது கோல் வெறும் 5 பாகை சாய்ந்தால் அளவு 8 மி.மீ. பிசகும். மூன்று மீட்டருக்கு 30 மி.மீ. தேடும் வேலையில் இது பெரிய பிசகு. குமிழ் மட்டத்தைக் கோலில் கட்டிவிட்டால் தீர்ந்தது.

அடுத்தது, அடியும் மீட்டரும் கலப்பது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் என்றாலும் மேஸ்திரியின் நாக்கில் இருப்பது அடியும் அங்குலமும் நூலும்தான். லேசர் அளவுகோலில் இருப்பது மீட்டர். ஒருவர் அங்குலத்தில் சொல்ல, மற்றவர் சென்டிமீட்டரில் எழுத, பள்ளம் இரண்டரை மடங்கு தவறும். தொடங்கும் முன்பே ஒன்றைத் தேர்ந்து அதையே பேசுங்கள்.

கோலில் எண்ணைப் படிக்கும் இடமும் முக்கியம். ரிசீவரின் மேல் விளிம்பையோ கவ்வியின் ஓரத்தையோ படிக்காமல், உடலில் மட்டக்கோடு எங்கே செதுக்கியிருக்கிறதோ அதற்கு நேரே படிக்க வேண்டும். ஒருவர் மேலேயும் இன்னொருவர் நடுவிலும் படித்தால் கணக்கு கெடும். ஆகவே ஒரே ஆள் படிக்கட்டும். ஜன்னல் கண்ணாடியும் தேங்கிய நீரும் ஒளியைத் திருப்பி அனுப்பிப் பொய் ஒலி தரும். ஒரே இடத்தில் இரண்டு உயரத்தில் ஒலி வந்தால் அதுதான் காரணம். நடுவில் ஆள் நின்று மறைத்துப் பாருங்கள்.

சரிவையே காட்டும் லேசர்

சில கருவிகளில் சதவீதத்தைத் தட்டினால் ஒளிக்கூரையே சாய்ந்துகொள்ளும். 1.000 என்று கொடுத்துவிட்டால் ரிசீவரை இறக்க வேண்டியதில்லை. பள்ளம் முழுதும் ஒரே அளவுதான். வயல்களில் டிராக்டர் பின்னால் கட்டி நிலம் சமன் செய்யும் லேசர் கருவியும் இதே வழிதான். அங்கே ரிசீவர் சொல்லும் சைகைக்கு மண்தகடு தானே ஏறி இறங்குகிறது. தமிழ்நாட்டு நெல் வயல்களில் தண்ணீரை மிச்சப்படுத்த இதைப் பரிந்துரைக்கிறார்கள்.

வீட்டு வேலையில் இதற்கு ஒரு நிபந்தனை. கருவியில் அம்பு போட்ட திசை பள்ளத்தின் திசையோடு ஒத்திருக்க வேண்டும். ஒடுங்கிய பள்ளத்தில் சற்று விலகினாலும் பாதகமில்லை. 20 மீட்டர் அகல முற்றத்தில் 5 பாகை விலகினால், குறுக்கே 1.7 செ.மீ. சாய்ந்துவிடும். தண்ணீர் ஒரு மூலைக்கே போய் ஒதுங்கும். முற்றத்தைப் பொறுத்தவரை வீட்டுச் சுவரிலிருந்து முதல் மூன்று மீட்டரில் 15 செ.மீ. இறக்கம் கிடைத்தால் சிறப்பு. நகரத்து மனைகளில் அவ்வளவு இடமே இருக்காது. தளம் போட்ட ஓரப்பாதையில் அடிக்கு ஒன்றரை நூல் விடுங்கள், அதுவும் சுவரை விட்டு வெளியே.

மண் மூடும் முன்

குழாயை வைத்ததும் அதன் மேல் முதுகில் ரிசீவர் கோலை நிறுத்தி ஏழு முளையிலும் மறுபடி அளங்கள். நம் கணக்கில் தெருமுனையில் 1.690, கொல்லையில் 1.510 வர வேண்டும்; இடையில் மூன்று மீட்டருக்கு மூன்று சென்டிமீட்டராகக் குறைந்து வர வேண்டும். எங்காவது எண் குறையாமல் நின்றால் குழாய் அங்கே தொய்ந்திருக்கிறது. மணலைத் தட்டி உயர்த்துங்கள்.

பிறகு கொல்லை முனையில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். தெருமுனையில் ஓர் ஆள் நின்று பார்க்கட்டும். தண்ணீர் வந்து நின்றபிறகு, குழாயின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் தேங்கிய இடம் பளபளக்கும். இணைப்புகளில் கசிவு இருந்தால் மணல் கருத்திருக்கும். இரண்டும் இல்லையென்றால் பக்கங்களில் மணலை இறுக்கி, 15 செ.மீ. அடுக்குகளாக மண்ணைப் போட்டுத் திமிசு போடுங்கள். முதல் அடுக்கில் கல்லும் செங்கல் உடைசலும் வேண்டாம்.

கடைசியாக, அடையாளக் குறிக்குப் பக்கத்தில் சுவரில் தேதியைப் பதித்து, குறிக்கும் குழாய் வாய்க்கும் தெரு வாய்க்காலின் அடிக்கும் சாலை விளிம்புக்கும் உள்ள உயர வித்தியாசத்தை வீட்டுப் பத்திரக் கோப்பில் எழுதி வையுங்கள். அடுத்த முறை தெருவில் தார் போட்டுவிட்டுப் போனதும், டியூப் லெவலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், சாலை எத்தனை சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது என்று அளந்து அதன் கீழே சேர்த்து எழுதுங்கள்.